ஃப்ளோட் இல்லாத கான்ட்ராக்டர்

"கேம்பஸ்ல வேலை கிடைக்கலைன்னா என்ன மச்சான், நாலு வீட்டு வேலை எடுத்துக் கட்டிக் கொடுத்தா செட்டில் ஆயிடலாம்" என்று சிவில் ஹாஸ்டலில் யாராவது ஒருவர் சொல்லாத வாரம் கிடையாது. தப்பே இல்லை, நல்ல தொழில்தான். ஆனால் எஸ்டிமேட் போடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. சிலபஸில் வராது. தொழிலை நடத்துகிற ஆள் உடைந்து போகாமல் இருப்பது எப்படி என்ற பாடம்.

முதலில் ஒரு சம்பவம். என் மாமா சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். இருபது வருட அனுபவம். ஒரு சமயம் அவருக்கு ஒரே நேரத்தில் நான்கு சைட் ஓடியது. விடிகாலை ஜல்லி லாரி, பகலில் பேங்க், சாயங்காலம் வீட்டுக்காரர்களின் போன், ராத்திரி பில் கணக்கு. ஒரு சனிக்கிழமை லிண்டல், சன்ஷேடு கான்கிரீட். அன்றைக்குத்தான் ஆட்களுக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும், பணம் இன்னும் கைக்கு வரவில்லை. போனைக் காதில் வைத்தபடியே கம்பியை ஒரு சுற்று பார்த்துவிட்டு "போடுங்க" என்று சொல்லிவிட்டார். சென்ட்ரிங் பிரித்த அன்று சன்ஷேடு சுவர் ஓரத்தில் விரிசல் விட்டுத் தொங்கியது. உடைத்துப் பார்த்தால், மேலே இருக்க வேண்டிய மெயின் கம்பி ஆட்கள் மிதித்து அடியில் கிடந்தது.

கேன்டிலீவரில் இழுவிசை மேல்பக்கம் வரும், மெயின் கம்பி மேலேதான் இருக்க வேண்டும் என்று நமக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? பிறகு கேட்டேன். "தெரியாம இல்ல மாப்ள. பார்த்தேன், ஆனா மண்டையில ஏறல" என்றார். அந்த நேரத்தில் கீழே யாரும் நிற்காதது அதிர்ஷ்டம்.

இந்த நிலைக்குப் பெயர்தான் பர்ன்அவுட். 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இந்தச் சொல்லை வைத்துக் கட்டுரை எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐசிடி-11 பட்டியலில் இதை ஒரு நோயாக இல்லாமல், வேலை சார்ந்த நிலையாக வரையறுத்தது. அதற்கு மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போவது, வேலை மீது வெறுப்போ விலகலோ வருவது, செய்கிற வேலையின் தரம் இறங்குவது. மாமாவின் சன்ஷேடு மூன்றாவது அடையாளம்.

ஏன் சின்ன கான்ட்ராக்டருக்கு இது சீக்கிரம் வருகிறது? சிபிஎம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். மொத்த ப்ராஜெக்ட் முடிகிற தேதியைப் பாதிக்காமல் ஒரு வேலை எத்தனை நாள் தள்ளிப்போகலாம் என்பதுதான் ஃப்ளோட். ஃப்ளோட் சுழியாக இருக்கும் வேலைகள் கிரிட்டிக்கல் பாத்தில் வரும். பெரிய கம்பெனியில் சைட் இன்ஜினியர், பில்லிங், ஸ்டோர், அக்கவுண்ட்ஸ் என்று தனித்தனி ஆள் உண்டு. சின்ன கான்ட்ராக்டரிடம் எல்லாம் ஒரே தலை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தலைக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு சைட்டும் நிற்கும். ஆக, தீர்வு "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்ற அறிவுரையோடு முடியாது. ஃப்ளோட்டை நாமே திட்டம் போட்டு உள்ளே வைக்க வேண்டும். நான்கு இடத்தில் வைக்கலாம்.

1. பணத்தில் ஃப்ளோட்

தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சனிக்கிழமைச் சம்பளம்தான். ஒரு சைட்டுக்கு வாரக் கூலி 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு லோன் தவணை வர ஒரு மாதம் தாமதமானால் 1,60,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். அதனால் நான்கு வாரக் கூலியைத் தனிக் கணக்கில் வைத்த பிறகே ஒரு சைட்டைத் தொடுங்கள். கையில் 3,50,000 இருந்தால் இரண்டு சைட். மூன்றாவது எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் "இரண்டு மாசம் கழிச்சு வர்றேன் சார்" என்று சொல்லுங்கள். இந்த வீட்டு அட்வான்ஸை எடுத்து அந்த வீட்டுச் சம்பளத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தால், அப்புறம் புது வேலை எடுத்தால்தான் பழைய வேலை நகரும். மாமா நான்காவது சைட் எடுத்தது அப்படித்தான்.

2. முடிவெடுப்பதில் ஃப்ளோட்

ஒரு நாள் முழுக்க மேஸ்திரி உங்களிடம் கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதிப் பாருங்கள். பாதிக்கு அவரே பதில் சொல்லியிருப்பார். சில்லறைச் சாமான் வாங்குவது, ஆள் மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு என்று ஒரு தொகை வரை விட்டுவிடுங்கள். உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாதவை என்று ஒரு சின்னப் பட்டியல் மட்டும் வையுங்கள்: மார்க்கிங், கம்பி, கான்கிரீட், சென்ட்ரிங் பிரிப்பது. கான்கிரீட் போடும் நாளில் வேறு எந்த வேலையும் வேண்டாம். கவர் பிளாக், கேன்டிலீவர் மேல்கம்பி, முட்டு ஆகியவற்றைச் சரிபார்த்து, போட்டோ எடுத்த பிறகே "போடுங்க" என்ற வார்த்தை வாயில் வரட்டும். களைத்த மூளை ஞாபகத்தை நம்பும். செக்லிஸ்ட்டுக்குக் களைப்பு கிடையாது.

3. தேதியில் ஃப்ளோட்

ஆறு மாதத்தில் முடியும் வேலைக்கு ஐந்து மாதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் எல்லாம் ஒவ்வொரு வருடமும் வருவதுதானே? அக்ரிமென்ட் எழுதும்போதே அந்த நாட்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஐஎஸ் 456-இன்படி ஓபிசி கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் காலத்தில் 10 நாள் க்யூரிங். 4.5 மீட்டருக்கு மேல் ஸ்பேன் உள்ள ஸ்லாபுக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும். இதை யாரும் அவசரப்படுத்த முடியாது என்று ஒத்துக்கொள்கிறோம். நம் உடம்புக்கும் அப்படி ஒரு க்யூரிங் நேரம் இருப்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

4. நாளில் ஃப்ளோட்

காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வீட்டுக்காரர்களுடன் பேச என்று ஒதுக்கி, வேலை ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். அவசரம் என்றால் மேஸ்திரி கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்கு லீவு, ஆனால் முதலாளி அன்றைக்குத்தான் எம்-புக்கும் பில்லும் எழுதுகிறார். அளவை அன்றன்றே பத்து நிமிடம் எழுதினால் ஞாயிறு உங்களுடையது.

கடைசியாக எச்சரிக்கை மணிகள். வீட்டுக்காரர் பெயர் போனில் வந்தாலே எடுக்கப் பிடிக்கவில்லை, சித்தாள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறீர்கள், எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்பு போகவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு சைட்டைக் குறையுங்கள், வீட்டில் கணக்கைத் திறந்து பேசுங்கள். பல வாரம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மாமா அந்த சன்ஷேடைத் தன் செலவில் இடித்துக் கட்டிக் கொடுத்தார். இப்போது இரண்டு சைட்டுக்கு மேல் எடுப்பதில்லை. "வருமானம் குறைஞ்சுதா மாமா?" என்று கேட்டேன். "முதல் வருஷம் குறைஞ்சுது. ஆனா இப்போ கம்பிய பார்த்தா கம்பி தெரியுது மாப்ள" என்றார்.

நீங்கள் முதல் வேலை எடுக்கும்போது பார் சார்ட் போடுவீர்கள் இல்லையா? அதில் உங்கள் பெயருக்கும் ஒரு வரி போட்டு, எத்தனை நாள் ஃப்ளோட் இருக்கிறது என்று பாருங்கள். சுழி வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சார்ட்டை மாற்றுங்கள்.