பாடம் 12: வீட்டிலே ஓர் ஏறுசுவர்

படிக்கும் முன்

உங்கள் அறைச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெறுமையாகக் கேட்கிறதா? அல்லது கல்லைத் தட்டியது போலக் கேட்கிறதா? கேட்ட சத்தத்தை நினைவில் வைத்திருங்கள். இந்தப் பாடத்தில் அது தேவைப்படும்.

1. படிப்போம்

ஏறிப் பழகுவதற்காகக் கட்டும் சுவருக்கு ஏறுசுவர் என்று பெயர். அதில் சின்னதும் பெரியதுமாகப் பல பிடிகள் இருக்கும். கையால் பிடித்து, காலால் மிதித்து மேலே போக வேண்டும்.

வட லண்டனில் கிறீன் லேன்ஸ் வீதியில் ஒரு கோட்டை தெரியும். உண்மையில் அது கோட்டை இல்லை. 1850களில் லண்டன் மக்களுக்குத் தண்ணீர் அனுப்பக் கட்டிய நீரேற்று நிலையம் அது. 1995இல் அதை ஏறுசுவர் நிலையமாக மாற்றினார்கள். அன்று தண்ணீரை ஏற்றிய கட்டடத்தில் இன்று பிள்ளைகள் ஏறுகிறார்கள்!

முன்பு ஏறிப் பழக விரும்பியவர்கள் மலைக்குத்தான் போனார்கள். மழை பெய்தால் பயிற்சி இல்லை. 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்கல்வி விரிவுரையாளர் ஒரு வேலை செய்தார். அங்கே ஒரு நடைவழிச் சுவரில் கற்களைப் பதித்தார். மலை கட்டடத்துக்குள்ளே வந்துவிட்டது.

பிறகு அது வீட்டுக்கும் வந்தது. சரே பகுதியைச் சேர்ந்த டோபி ராபர்ட்ஸ் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த ஏறுசுவரிலும் பயிற்சி செய்தார். அவருடைய அப்பாதான் பயிற்சியாளர். 2024 ஆகஸ்ட் 9ஆம் திகதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் டோபி தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 19. ஏறுதல் போட்டியில் பிரித்தானியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான்.

எங்கள் வீட்டிலும் ஒன்று கட்டலாமா? கட்டலாம். ஆனால் எதில் கட்டுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

2. உரையாடல்

(இது பேச்சுத் தமிழ். ஒருவர் அப்பாவாகவும், ஒருவர் அக்காவாகவும், ஒருவர் தம்பியாகவும், ஒருவர் அம்மம்மாவாகவும் நடித்துப் படியுங்கள்.)

தம்பி: அப்பா, என்ரை அறைச் சுவரிலை பிடியளைப் பூட்டுவமோ?

அப்பா: முதல்லை அந்தச் சுவரை ஒருக்காத் தட்டிப் பார்.

தம்பி: டொக் டொக்! உள்ளுக்கை ஒண்டும் இல்லாத மாதிரிக் கேக்குது.

அப்பா: ஓம். இது பிளாஸ்டர்போர்ட். நடுவிலை ஜிப்சம், ரெண்டு பக்கமும் கடதாசி. தடிப்பு 12.5 மில்லிமீட்டர்தான். சின்னப் படம் மாட்டலாம். ஆள் தொங்கேலாது.

அக்கா: அப்ப இந்தச் சுவர் எப்பிடி நிக்குது?

அப்பா: உள்ளுக்கை மரச்சட்டங்கள் இருக்கு. வழக்கமா 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒரு சட்டம். சட்டம் எலும்பு மாதிரி. பிளாஸ்டர்போர்ட் தோல் மாதிரி.

அக்கா: அப்ப எலும்பிலைதான் பூட்டவேணும். தோலிலை இல்லை!

தம்பி: மற்றப் பக்கச் சுவர் செங்கல்தானே? அதிலை பூட்டுவம்.

அப்பா: அந்தச் சுவருக்கு அங்காலை பக்கத்து வீடு. நீ ஏறிக் குதிக்கேக்கை அவைக்கு இடி இடிச்ச மாதிரிக் கேக்கும்.

அக்கா: என்ரை சிநேகிதி வாடகை வீட்டிலை இருக்கிறா. சுவரிலை ஒரு துளையும் போடக்கூடாதாம். அவை என்ன செய்யிறது?

அப்பா: சுவரைத் தொடாமல் தானா நிக்கிற சட்டகம் செய்யலாம். நாங்களும் அப்பிடித்தான் தோட்டத்திலை செய்வம்.

அம்மம்மா: ஊரிலை பனை ஏறுறவை காலிலை தளைநார் போட்டுத்தான் ஏறுவினம். நாங்கள் கீழை நிண்டு ஏறுறவரைப் பாப்பம். அவரோ ஏற முன்னம் தளைநாரைத்தான் இழுத்து இழுத்துப் பாப்பார்.

தம்பி: ஏன் அம்மம்மா?

அம்மம்மா: அது அறுந்தால் ஆளும் இல்லை, பனங்கள்ளும் இல்லையடா!

3. எப்படிச் செய்வது?

மரம் வெட்டுவதும் துளை போடுவதும் பெரியவர்களின் வேலை. அளப்பது, கோடு போடுவது, எண்ணுவது, சரிபார்ப்பது உங்கள் வேலை.

சட்டகம்: தடித்த மரச்சட்டங்களால் செய்ய வேண்டும். அதன் அடி அகலமாக இருக்க வேண்டும். ஏன் என்று அறிய ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வெற்றுச் சீரியல் பெட்டியை நிமிர்த்தி வைத்து, மேல் விளிம்பை விரலால் தள்ளுங்கள். உடனே விழும். இப்போது பெட்டியைப் படுக்க வைத்துத் தள்ளுங்கள். நகரும், ஆனால் விழாது. ஏறுபவரின் பாரம் எப்போதும் சட்டகத்தின் கால்களுக்கு உள்ளே விழ வேண்டும். வெளியே விழுந்தால் சட்டகமே கவிழும்.

பலகை: 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒட்டுப்பலகை நல்லது. கடையில் விற்கும் முழுப் பலகை 244 சென்டிமீட்டர் நீளம், 122 சென்டிமீட்டர் அகலம். தோட்டத்தில் வைப்பதானால் மழையைத் தாங்கும் பலகை வாங்க வேண்டும். வெட்டிய விளிம்புகளுக்கும் வர்ணம் பூச வேண்டும். லண்டன் மழை சும்மா விடாது!

பலகையைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துப் பூட்டுவார்கள். அப்படிச் செய்தால் கை நழுவியவர் சுவரில் உரசாமல் நேரே மெத்தையில் விழுவார்.

துளைகள்: 20 சென்டிமீட்டருக்கு ஒரு துளை. அகலத்தில் இரண்டு ஓரமும் 11 சென்டிமீட்டர் விட்டால் 6 துளைகள் வரும். நீளத்தில் இரண்டு ஓரமும் 12 சென்டிமீட்டர் விட்டால் 12 துளைகள் வரும். 6 × 12 = 72 துளைகள். பென்சிலால் 72 இடங்களிலும் புள்ளி வையுங்கள். பின்னால் சட்டம் வரும் இடத்தில் புள்ளி விழுந்தால் அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

டீ-நட்: இதுதான் இந்தச் சுவரின் இரகசியம். டீ-நட் என்பது பற்கள் உள்ள ஒரு சிறிய உலோகத் துண்டு. அதைப் பலகையின் பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து இறுக்குவார்கள். முன்பக்கத்தில் பிடியை வைத்துப் போல்ட்டை முறுக்குவார்கள். முறுக்க முறுக்கப் போல்ட் நட்டைத் தன் பக்கம் இழுக்கும். நட்டின் பற்கள் மரத்தை இன்னும் இறுகக் கவ்வும். உடும்பு கல்லைப் பிடித்தால் விடாது அல்லவா? அதுபோல இதுவும் உடும்புப் பிடிதான்.

நட்டை முன்பக்கத்தில் அடித்தால் என்ன ஆகும்? நீங்கள் தொங்கும்போது அது பலகையிலிருந்து கழன்று வந்துவிடலாம். ஒரே நட், ஒரே பலகை. அடித்த பக்கம் மட்டும்தான் வேறு.

பிடிகள்: பெரிய பிடிகளை முதலில் பூட்டுங்கள். வீட்டில் மிகச் சிறியவருக்கும் எட்டும் உயரத்தில் சில பிடிகள் இருக்கட்டும். ஏறும் முன் ஒவ்வொரு பிடியையும் கையால் திருகிப் பாருங்கள். சுற்றினால் ஏறாதீர்கள். பெரியவரிடம் சொல்லி இறுக்குங்கள்.

4. முதலில் விழப் பழகுவோம்

ஏறும் எல்லோரும் விழுவார்கள். ஒலிம்பிக் வீரர்களும் விழுவார்கள். அதனால் விழுவதற்கும் பயிற்சி வேண்டும்.

சுவருக்குக் கீழே முழு இடத்திலும் தடித்த நுரைமெத்தை போட வேண்டும். சுவரின் ஓரங்களைத் தாண்டியும் மெத்தை இருக்க வேண்டும். இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் கால் சிக்கும். மெத்தையில் விளையாட்டுப் பொருள் எதுவும் கிடக்கக் கூடாது. தங்கை, தம்பி யாரும் அங்கே உட்காரக் கூடாது.

மோதிரம், காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அவை பிடியில் மாட்டினால் விரலும் கழுத்தும் காயப்படும்.

முதலாவது நாள் முழங்கால் உயரத்திலிருந்து மட்டும் விழுந்து பழகுங்கள்:

1. இரண்டு பாதமும் ஒன்றாக மெத்தையில் படட்டும்.
2. முழங்காலை மடக்குங்கள்.
3. கைகளை நெஞ்சோடு அணையுங்கள்.
4. நாடியை நெஞ்சுப் பக்கம் வைத்து, அப்படியே பின்னால் உருளுங்கள்.

பயத்தில் கையைப் பின்னால் ஊன்றத் தோன்றும். ஊன்றாதீர்கள். ஊன்றினால் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும், எலும்பு முறியலாம். இந்தப் பழக்கம் வந்த பிறகுதான் அடுத்த பிடிக்குப் போக வேண்டும். உச்சியைத் தொட்டதும் குதிக்காதீர்கள். முடிந்தவரை பிடித்துப் பிடித்து இறங்குங்கள்.

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே சுவர் என்பது உடம்பு. உடம்பு நன்றாக இருந்தால்தான் மற்ற எல்லாம் செய்யலாம் என்பது அதன் பொருள். ஏறுசுவர் கட்டும்போது அந்த இரண்டு சுவர்களையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. சொற்களை அறிவோம்

சட்டகம் – பலகையைத் தாங்கி நிற்கும் மர அமைப்பு
ஒட்டுப்பலகை – மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த பலகை
தளைநார் – பனை ஏறுபவர் கால்களில் மாட்டும் நார் வளையம்
உடும்புப் பிடி – விடாத பிடி
நாடி – முகத்தில் வாய்க்குக் கீழே உள்ள பகுதி
கவிழ்தல் – தலைகீழாகச் சாய்ந்து விழுதல்

6. பயிற்சி

அ. விடை எழுதுக.
1. கிறீன் லேன்ஸ் வீதியில் உள்ள 'கோட்டை' முதலில் எதற்காகக் கட்டப்பட்டது?
2. அப்பா எதை எலும்பு என்றும், எதைத் தோல் என்றும் சொன்னார்?
3. டீ-நட்டை ஏன் பின்பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும்?
4. பனை ஏறுபவர் ஏறும் முன் எதைப் பார்ப்பார்? நீங்கள் ஏறும் முன் எதைப் பார்ப்பீர்கள்?

ஆ. எழுத்துத் தமிழில் மாற்றுக.
எடுத்துக்காட்டு: என்ரை அறையிலை → என் அறையில்
1. உள்ளுக்கை ஒண்டும் இல்லை.
2. ஆள் தொங்கேலாது.
3. நாங்கள் தோட்டத்திலை செய்வம்.

இ. கணக்கு: பாதிப் பலகை 122 சென்டிமீட்டர் நீளம், 122 சென்டிமீட்டர் அகலம். எல்லா ஓரத்திலும் 11 சென்டிமீட்டர் விட்டு, 20 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டால் மொத்தம் எத்தனை துளைகள்?

ஈ. வீட்டில் கேட்டு வருக: உங்கள் அம்மம்மா, அப்பப்பா அல்லது வேறு பெரியவர் சிறு வயதில் எந்த மரத்தில் ஏறினார்? எப்படி இறங்கினார்? ஐந்து வாக்கியங்கள் எழுதி வகுப்பில் வாசியுங்கள்.