ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருக்கும் இருளர்

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் இளைஞரைத் திருட்டு வழக்கில் ரிமாண்டு செய்தார்கள். இதற்குமுன் அவர்மீது வழக்கே கிடையாது. ஜாமீன் கிடைத்து இரண்டு மாதமாகியும், ஜாமீன்தாரர் இருவர் இல்லாததால் உள்ளேயே இருக்கிறார். அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்து அழுகிறார். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: நாளைக்கே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், ஐயா. வக்கீலுக்குப் பணம் தர வேண்டியதில்லை. பழங்குடியினருக்கு வருமான வரம்பும் கிடையாது. இருளர் பலரிடம் சாதிச் சான்றிதழே இருக்காது என்பதை அறிவேன். அதற்காகத் தயங்க வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. போக முடியாவிட்டால் 15100க்குப் பேசுங்கள்.

ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனு போடச் சொல்லுங்கள். ஜாமீன் கிடைத்த 7 நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்து புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரிடம் சொத்து வரி ரசீது கேட்டால் அவர் எங்கே போவார்? 1978லேயே இந்தக் கேள்வி எழுந்தது. மத்தியப் பிரதேசக் கொத்தனார் மோதிராமிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். உடன்பிறந்தவர் முன்வந்தும், அவர் வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளினார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்க உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பை மனுவில் காட்டச் சொல்லுங்கள்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவை யாராவது சொல்வார்கள். முதல் வழக்கு என்றால், உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தால் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது அது. சாதாரணத் திருட்டுக்கு உச்சபட்சம் 3 ஆண்டு. அப்படியானால் ஓராண்டு. கையில் ஜாமீன் உத்தரவு இருக்கும்போது அதுவரை காத்திருப்பது அநியாயம்.

இன்னொன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே வரலாம் என்று யாராவது ஆசை காட்டினால், வக்கீலிடம் பேசாமல் தலையாட்டக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள். செய்யாத திருட்டு ஆயுளுக்கும் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து ஊரில் எது காணாமல் போனாலும் அவர் குடிசைக்குத்தான் வருவார்கள்.

வெளியே வந்தபின் வாய்தா தேதிகளை நீங்களும் குறித்துவையுங்கள். சூளை வேலைக்கு வெளியூர் போய் ஒரு வாய்தா தவறினாலும் வாரண்ட் வரக்கூடும்.

ஆணைக்குழுவுக்கு அந்தப் பெண்ணைத் தனியே அனுப்பாதீர்கள். கூடவே போங்கள்.