நம் மரமும் பக்கத்து வீட்டுக் கூரையும்

நாம் வைத்த வேப்பமரம் நம் வாசலுக்கு நிழல் தருகிறது. அதன் கிளை பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்திருந்தால், காற்றடிக்கும் இரவில் அந்த வீட்டார் தூங்க மாட்டார்கள். "அந்தக் கிளையைக் கொஞ்சம் வெட்டிவிடுங்களேன்" என்று அவர் கேட்டு வந்தால், "மரம் எங்க இடத்துலதானே நிக்குது?" என்று சொல்லிவிடுகிறோம். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோகிறது.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

அபூதாவூத் நூலில் ஒரு நிகழ்வு வருகிறது. ஒரு தோழருக்கு, அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் பேரீச்சை மரங்கள் இருந்தன. அவர் அங்கு வந்து போவது தோட்டக்காரரின் குடும்பத்துக்குச் சிரமமாயிற்று. விற்றுவிடுமாறும், வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுமாறும், அன்பளிப்பாகக் கொடுத்துவிடுமாறும் நபி (ஸல்) அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அவர் எதற்கும் இணங்கவில்லை. முடிவில், மரத்தைப் பிடுங்கிவிடும்படி தோட்டக்காரரிடமே சொன்னார்கள். மரம் அவருடையதுதான். ஆனால் அடுத்தவருக்குத் தொல்லை தரும் உரிமை அவருக்கு இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டநூலின் 1196-ஆவது பிரிவு இதைப் பற்றியதே. எல்லை தாண்டிய கிளைகளைக் கட்டி இழுக்கவோ வெட்டவோ சொல்லும் உரிமை பக்கத்து வீட்டாருக்கு உண்டு. ஆனால் நிழல் விழுந்து தம் பயிர் கெடுகிறது என்பதற்காக மரத்தையே வெட்டச் சொல்ல முடியாது. கேட்பவருக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. அவர் வந்து சொன்னால், அவர் வீட்டுப் பக்கம் போய் நின்று மரத்தைப் பார்ப்போம். நம் வாசலிலிருந்து தெரியாதது அங்கிருந்து தெரியும்.

2. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே கிளைகளைக் கழிப்போம். ஒரே பக்கமாக வெட்டினால் மரம் மறுபக்கம் சாயும். பெரிய கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து வெட்டினால் பட்டை உரியாது.

3. மின்கம்பி அருகே கிளை இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

4. அடிமரம் பொந்தாகி, வேர் அருகே காளான் முளைத்து, மரம் புதிதாகச் சாய்ந்திருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுவோம். எடுக்க வேண்டிய மரமென்றால் எடுத்துவிட்டு வேறொரு கன்று நடுவோம். மரம் நடுவதும் ஸதகாதான்.

5. கூலியை நாமே கொடுப்போம். அவர் வாசலில் விழுந்த தழையையும் நாமே அள்ளுவோம்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. பக்கத்து வீட்டாரின் பயம் வீண் பயம் அல்ல. அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அண்டை வீட்டாரின் உரிமை ஒன்றுதான். அவர் இரண்டாம் முறை வந்து கேட்கும்படி வைக்காமல் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.