பிரதிவாதி பயங்கரம்: பட்டப்பெயர் குடிப்பெயரான வரலாறு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்தருளிய திருமெய்யம் என்னும் திருமயத்தில், குடைவரையில் பள்ளிகொண்டருளும் எம்பெருமானைச் சேவிக்கிறோம். மது கைடபர்கள் நெருங்கியபோது ஆதிசேஷன் நஞ்சை உமிழ்ந்து அவர்களை விரட்டினான். 'நியமனமின்றிச் செய்தோமே' என்று அஞ்சி ஒடுங்கிய அவனை எம்பெருமான் தேற்றியருளினான் என்பது ஸ்தல ஐதிஹ்யம். பகைவரை அஞ்சச் செய்வதும் கைங்கர்யமே. ஆனால் அதைச் செய்தவனிடம் செருக்கில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

இவ்வழகை நம் ஸம்ப்ரதாயத்துப் பட்டப்பெயர் ஒன்றிலும் காணலாம். 'பிரதிவாதி பயங்கரம்' என்பதற்கு 'எதிர்வாதம் செய்வோர்க்கு அச்சம் தருபவர்' என்பது பொருள். காஞ்சியில் அவதரித்த ஹஸ்திகிரிநாதர், வேதாந்த தேசிகரின் திருக்குமாரரான நயினாராசாரியரிடம் பயின்று, வாதில் வென்று இப்பட்டம் பெற்றார். 'பரகாலன்' என்னும் ஆழ்வார் திருநாமமும் எதிரிகளுக்குக் காலன் என்றே பொருள்படுவது நினைக்கத்தக்கது.

பிற்காலத்தில் அண்ணன் திருமலையில் தீர்த்த கைங்கர்யம் செய்துவந்தார். ஒருநாள் மணவாள மாமுனிகளின் பெருமையைக் கேட்டு உருகியதில், தீர்த்தத்தில் பரிமளம் சேர்க்க மறந்தார். அன்று சமர்ப்பித்த தீர்த்தமே மிகவும் மணந்தது என்றனர் அர்ச்சகர்கள். பின்பு அவர் மாமுனிகள் திருவடிகளை ஆச்ரயித்து, 'ஸ்ரீவைஷ்ணவ தாஸன்' என்னும் தாஸ்ய நாமம் பெற்று, அஷ்டதிக்கஜங்களில் ஒருவரானார். மார்கழி நீங்கலாக நாள்தோறும் திருமலையில் ஒலிக்கும் ஸுப்ரபாதம் இவர் அருளியதே.

உலகம் தந்த பெயர் வெற்றியைச் சொல்லிற்று; ஆசார்யன் தந்த பெயர் அடிமையைச் சொல்லிற்று. வம்சத்தாருக்குக் குடிப்பெயராய் நிலைத்தது முன்னையதே. இன்று அது பெரும்பாலும் 'பி.பி.' என்னும் முன்னெழுத்துகளாய்ச் சுருங்கிவிட்டது. திரையிசைப் பாடகர் பி.பி. ஸ்ரீநிவாஸின் (1930–2013) முன்னெழுத்துகளும் இவையே என்பதைப் பலர் அறியார்.

பட்டம் பிறப்பால் வரும். அதை ஈட்டித் தந்த கல்வியும் கைங்கர்யமும் பிறப்பால் வாரா. அவற்றையும் ஈட்டியவர் காஞ்சி பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியார் ஸ்வாமி (1891–1983). திவ்யப்ரபந்தத்துக்கு 'திவ்யார்த்த தீபிகை' அருளி, குடிப்பெயரை மீண்டும் பட்டமாக்கினார். குடிப்பெயர் எதுவாயினும், அதனுள் மறைந்துள்ள 'தாஸன்' என்னும் பெயருக்கு உரியவராய் வாழ்வதே நம் கடமை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்