பீசா விளக்கை அணையுங்கள்

பழைய கடிகாரம் பழுது பார்ப்பவன் என்று சொன்னதுமே வந்துவிடும்: "கலிலியோதானே சார் பெண்டுலம் கடிகாரத்தைக் கண்டுபிடிச்சாரு? சர்ச்சுல விளக்கு ஆடுனதைப் பார்த்து?" இது கேள்வியே அல்ல. எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்வது. இத்தனை வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவர் கண்டுபிடிக்கவில்லை, போதுமா!

1583இல் பீசா தேவாலயத்தில் பையன் கலிலியோ தன் நாடித் துடிப்பை வைத்து விளக்கின் ஆட்டத்தை அளந்தான் என்ற கதையை எழுதியவர் விவியானி. கிழவர் கலிலியோவின் கடைசிச் சீடர். எழுதியது குரு இறந்த பிறகு. அங்கே சுற்றுலாக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிற பெரிய விளக்கோ 1587இல் மாட்டியது! கலிலியோ ஊசலை ஆராய்ந்தது நிஜம். அதற்கு 1602ஆம் ஆண்டுக் கடிதமே சாட்சி. கண் தெரியாமல் போன பிறகு, 1641இல், ஊசல் வைத்த கடிகாரம் ஒன்றை யோசித்து மகன் வின்சென்சோவிடம் சொன்னதும் நிஜம். அடுத்த ஜனவரியில் அவர் போனார். வேலையை முடிக்காமலே 1649இல் மகனும் போனார். மிஞ்சியது வரைபடம். வரைபடம் மணி காட்டுமா?

காட்ட வைத்தவர் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ், 1656 டிசம்பரில். மறு வருடமே ஹேக் நகரத்துக் கடிகாரக்காரர் சாலமன் கோஸ்டர் அதற்கு உரிமம் வாங்கிச் செய்து விற்றார். அதுவரை நாளுக்குக் கால் மணி நேரம் தவறிய கடிகாரங்கள், ஒரு நிமிடம்கூடத் தவறாத நிலைக்கு வந்தன.

இன்னொன்று. ஊசல் அகலமாக ஆடினாலும் குறுகலாக ஆடினாலும் ஒரே நேரம்தான் என்று கலிலியோ சொன்னது தப்பு. இரு பக்கமும் 30 டிகிரி ஆடினால் நாளுக்கு ஏறக்குறைய 25 நிமிடம் பின்தங்கும். இதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்யும் வழியை 1673இல் புத்தகமாகவே போட்டவரும் ஹைகன்ஸ்தான். ஏறக்குறைய அதே காலத்தில் நங்கூர வடிவப் பாகம் வந்து ஆட்டத்தையே சில டிகிரிக்குள் அடக்கியது. உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் அத்தனை அடக்கமாக ஆடுவது அதனால்தான்.

என்னிடம் வந்து சொல்கிற மற்றதெல்லாம் சில்லறை. பெண்டுலத்தின் குண்டு கனத்தால் மெதுவாகப் போகுமாம். கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நீளம்தான் கணக்கு. குண்டுக்கு அடியில் இருக்கும் திருகை ஏற்றினால் வேகம், இறக்கினால் மந்தம். பெண்டுலம்தான் கடிகாரத்தை ஓட்டுகிறதாம். ஓட்டுவது ஸ்பிரிங்கோ எடைக்கல்லோ. பெண்டுலம் சக்கரத்தைப் பல் பல்லாக விடுகிற காவல்காரன். குளிரில் வேகமாக ஓடும் என்பது மட்டும் உண்மை, எஃகுக் கம்பி சுருங்கும். 10 டிகிரி குளிர்ந்தால் நாளுக்கு 5 விநாடி முந்தும்.

இவ்வளவு பேசிவிட்டு, தாத்தா கடிகாரத்தின் வயிற்றைக் கிழித்து பேட்டரி மெஷின் வைக்கச் சொல்லி என்னிடமே வருகிறார்கள். அதோடு வருகிற பெண்டுலம் வெறும் அலங்காரம். கழற்றிப் போட்டாலும் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடும். வைத்தே தீருவேன் என்றால் வையுங்கள். கழற்றிய பழைய மெஷினை மட்டும் பித்தளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் ஒரு சக்கரத்துக்காக நான் ஆறு மாதமாக அலைந்துகொண்டிருப்பேன்.