ரோபோவுக்கு நிறம் தெரிய வேண்டுமா?

பாட்டில் மூடிகளை நிறம் பார்த்துப் பிரித்துப் போடும் சிறிய ரோபோ ஒன்றை, அக்கா மகனின் பள்ளிக் கண்காட்சிக்காக இருவரும் சேர்ந்து செய்தோம். முதல் நாள் இரவு வீட்டில் ஒரு மூடி கூடத் தவறவில்லை. மறுநாள் காலை எங்களுக்கு ஜன்னலோர மேஜை கிடைத்தது. சிவப்பு, பச்சை, நீலம் என எதைக் கொடுத்தாலும் ரோபோ வெள்ளைப் பெட்டியிலேயே போட்டது. பையன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கோளாறு புரோகிராமில் இல்லை. கலர் சென்சாருக்கு உண்மையில் நிறம் தெரியாது; வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். சிவப்பு மூடி சிவப்பு ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும், பச்சையையும் நீலத்தையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். எனவே மூன்று நிற விளக்குகளையும் ஒவ்வொன்றாக எரியவிட்டு, திரும்பி வரும் ஒளியை அளந்தால் பொருளின் நிறத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நாங்கள் செய்ததும் இதுதான்.

இதற்கு மூன்று நிறமும் தரும் ஆர்.ஜி.பி. எல்.இ.டி. ஒன்று, எல்.டி.ஆர். ஒன்று, ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று போதும். எல்.டி.ஆர். என்பது வெளிச்சம் கூடினால் மின்தடை குறையும் சிறிய வில்லை. அதன் ஒரு காலை 5 வோல்ட்டிலும் மறு காலை போர்டின் ஏ0 பின்னிலும் இணையுங்கள். அதே ஏ0விலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். எல்.இ.டி.யின் ஒவ்வொரு நிறக் காலுக்கும் 220 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். போர்டை யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆர்டுயினோ மென்பொருளில் சீரியல் மானிட்டரைத் திறந்தால், ஏ0வின் அளவை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் திரையில் காட்டச் செய்யலாம். கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் இந்த எண்களைச் சிறிது நேரம் வேடிக்கை பாருங்கள். கையை மேலே நீட்டினாலே எண் மாறும்.

எல்.டி.ஆர். கொஞ்சம் சோம்பேறி. ஒவ்வொரு நிறத்தையும் எரியவிட்டு 100 மில்லி செகண்ட் காத்திருந்து அளவெடுங்கள். மூடி பிரிக்க இது போதும். வேகமாக ஓடும் ரோபோவுக்கு உதவாது.

முதல் முறை வெள்ளைத் தாளைக் காட்டியபோது சிவப்பு 820, பச்சை 880, நீலம் 640 என்று வந்தது. அப்படியானால் வெள்ளைத் தாள் பச்சையா? எல்.டி.ஆர். பச்சை ஒளியை அதிகம் உணரும், எல்.இ.டி.யின் மூன்று நிறங்களும் ஒரே பிரகாசத்தில் எரிவதும் இல்லை. அதனால் கறுப்புத் துணியையும் அளந்தோம்: 310, 360, 190. பிறகு ஒவ்வொரு நிறத்திலும், வந்த எண்ணிலிருந்து கறுப்பின் எண்ணைக் கழித்து, வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 255ஆல் பெருக்கினோம். சிவப்பு மூடிக்கு வந்த 770, 460, 262 ஆகியவை 230, 49, 41 என்று மாறின. இப்போது யாருக்கும் சந்தேகம் வராது.

ஜன்னல் வெளிச்சம் கெடுத்தது இந்தக் கணக்கைத்தான். வெயில் உள்ளே நுழைந்ததும் மூன்று எண்களும் உச்சத்துக்குப் போய் ஏறக்குறைய சமமாகிவிட்டன, ரோபோ அதை வெள்ளை என்று எடுத்துக்கொண்டது. கறுப்பு சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி, சென்சாரை அதற்குள் வைத்து, மூடியைக் குழாயின் வாயருகே நிறுத்தினோம். எல்.இ.டி.க்கும் எல்.டி.ஆருக்கும் நடுவில் ஒரு கறுப்பு அட்டைத் துண்டு. அங்கேயே வெள்ளை, கறுப்பு இரண்டையும் மறுபடி அளந்தோம்.

ரெடிமேடாக வாங்குவதானால் டி.சி.எஸ்.3200 உண்டு. இதில் 64 ஒளி உணரிகள். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளுடன் தலா 16, வடிகட்டி இல்லாமல் 16. வெளிச்சத்துக்கு ஏற்ற அதிர்வெண்ணில் துடிப்புகளைத் தரும், அவற்றை எண்ண வேண்டும். டி.சி.எஸ்.34725 இன்னும் வசதி. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது, ஐ2சி முறையில் இரண்டே ஒயரில் எண்களை அனுப்பிவிடும். இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு இதற்கே. ஆனால் எதை வாங்கினாலும் கறுப்புக் குழாயும் வெள்ளை, கறுப்பு அளவும் வேண்டும். முதல் ரோபோ என்றால் எல்.டி.ஆரில் தொடங்குங்கள், எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது புரியும்.

மதியத்துக்குப் பிறகு எங்கள் ரோபோ சரியாகவே பிரித்தது. சிவப்போடு குழம்பும் ஆரஞ்சு மூடிகளை மட்டும் நாங்கள் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.