மூளைக்கட்டி அகன்றபின் வாழ்வு

மூளையில் தோன்றிய கட்டியை இரண சிகிச்சையால் அகற்றியபின், நோயாளி பிழைத்தாரா என்பதே எல்லோரும் முதலிற் கேட்கும் வினா. பிழைத்தவர் எவ்வாறு வாழ்கின்றார் என்னும் இரண்டாம் வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மான்ட்ரீல் நகரில் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சைக்கெனத் தனித்துறை நிறுவினார். நம் நாட்டில் இத்துறைக்கு அதுவே தொடக்கம். அடுத்த ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் இராமமூர்த்தி இப்பணியைத் தொடங்கினார். அதே 1949-இல் அமெரிக்காவில் கார்னாஃப்ஸ்கி, பர்ச்சினால் என்னும் இருவர், நோயாளியின் செயல்திறனை 0 முதல் 100 வரை மதிப்பிடும் அளவுகோலொன்றை வெளியிட்டனர். 100 என்பது யாதொரு குறையுமில்லாத நிலை. 70 என்பது தன்னைத் தானே பேணக்கூடியதாயினும் வழக்கமான தொழிலைச் செய்யவியலாத நிலை. 50 என்பது பிறர் துணை மிகுதியும் வேண்டும் நிலை.

இவ்வளவுகோல் பயனுடையதே, எனினும் முழுமையுடையதன்று. அருப்புக்கோட்டையில் தறி நெய்வார் ஒருவரையும், திருச்சுழிப் பக்கத்தில் மானாவாரிப் பருத்தி விளைவிப்பார் ஒருவரையும் எண்ணிப் பார்ப்போம். இருவரும் 70 என்னும் ஒரே எண்ணைப் பெறலாம். ஆனால் நெய்வார்க்கு அறுந்த இழையை முடிய விரல்கள் இணங்காமையே துன்பம். உழவர்க்கோ, கிணற்றோரத்தில் வலிப்பு வந்து நினைவு தப்புமோ என்னும் அச்சமே துன்பம்.

கட்டியிருந்த இடத்திற்கேற்பக் குறையும் வேறுபடும். செவி நரம்பில் தோன்றிய கட்டியாயின் கேள்வி குன்றும். சிலர்க்கு முகமும் கோணும். பெரும்பாலோர்க்குப் பேச்சின் நிலைக்களம் மூளையின் இடப்பாகமாதலின், அங்கே ஊறு நேரின் சொல் தடுமாறும். முன்பாகம் பழுதுற்றாலோ, கைகால்கள் செவ்வனே இயங்கினும், சினமும் மறதியும் ஊக்கமின்மையும் தோன்றலாம். "இவர் பழைய மனிதரல்லர்" என்று மனைவி வருந்துவதை எந்த எண் காட்டும்?

இதுபற்றியே பிற்காலத்து ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் நோயாளியையே வினவும் முறையைக் கைக்கொண்டனர். புற்றுநோயாளர் யாவர்க்கும் பொதுவாக 30 வினாக்களும், மூளைக்கட்டியுடையார்க்குத் தனியாக 20 வினாக்களும் அமைத்தனர். தலைவலி, வலிப்பு, பார்வைக் குறை, சொல் தடுமாற்றம் ஆகியவற்றோடு எதிர்காலத்தைப் பற்றிய கவலையும் அவற்றுட் கேட்கப்படுகின்றது. தம் குறையைத் தாமே உணரமாட்டாதவரும் உளராதலின், உடனுறைவோர் சொல்லையும் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வறிவு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. மூளையுறையில் எழும் கட்டிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை; முற்றும் அகற்றப்பெற்றோர் பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர். மூளைத்திசுவிலேயே எழும் கட்டிகள் சில மீண்டும் வளருமாதலின், அத்தகையோர் இடைவிடாது மருத்துவரைக் காணவேண்டும். மதுரைக்குச் சென்று வர ஒரு நாட் கூலி போகின்றதே என்று எண்ணி வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துதல் பெருங்கேடு. வலிப்பு வந்தக்கால் கையில் இரும்பைத் திணித்தலாற் பயனில்லை. வாயில் எதனையும் இடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளியுமளவும் அருகிருத்தலே முறை. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிப்பின் உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். பேய் பிடித்ததென விலக்கி வையாது, அவர் செய்யக்கூடிய தொழிலொன்றை அவர்க்கு அளித்தல் ஊராரின் கடமை. கட்டியை அகற்றுதல் மருத்துவர் கையில் உளது. அகன்றபின் வரும் வாழ்வு பெரிதும் நம் கையில் உளது.